தசைநோய் உள்ள குழந்தை மூக்கால் பேசுவது ஏன்? பேச்சைத் தெளிவாக்க என்ன செய்யலாம்?

உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கும் கேள்வியின் சுருக்கம் இது. அவருடைய மகனுக்கு ஆறு வயது, ஒன்றாம் வகுப்பு. நடக்கத் தொடங்கவே 20 மாதம் ஆயிற்று, பேச்சு மூன்று வயதுக்குமேல்தான் வந்தது. ‘தசை பலவீனம்’ என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். நோயின் பெயர் இன்னும் உறுதியாகவில்லை. பையன் மூக்கால் பேசுகிறான், டீச்சருக்குப் புரிவதில்லை, பொழுது சாயச் சாயக் குழறல் கூடுகிறது. வசம்பு தேய்க்கச் சொல்கிறார் மாமியார். நாக்கின் அடியை வெட்டிவிட்டால் சரியாகும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். தினம் 100 தடவை பலூன் ஊதச் சொல்லியிருக்கிறார் இன்னொருவர். எதைச் செய்வது, பேச்சு எப்போது தெளியும் என்பது கேள்வி. கணவரும் தானும் அத்தை மகன், மாமன் மகள் என்பதையும் அவர் எழுதியிருக்கிறார்.

மதுரையில் 20 ஆண்டுகளுக்கு மேலாகக் குழந்தைகளுக்குப் பேச்சுப் பயிற்சி அளித்துவருபவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். அம்மா, வசம்பு, நாக்கு, பலூன் மூன்றையும் பற்றிப் பிறகு சொல்கிறேன். உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ‘பொழுது சாயச் சாயக் குழறல் கூடுகிறது’ என்ற வரிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அது ஏன் என்று புரிய, பேச்சு எப்படி உண்டாகிறது என்பதைக் கொஞ்சம் பார்த்துவிட வேண்டும்.

வல்லினம், மெல்லினம், இடையினம் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். அந்தப் பிரிவு உங்கள் மகனின் வாய்க்குள் அப்படியே வேலை செய்கிறது. மேலண்ணத்தின் பின்பகுதி எலும்பில்லாத மென்மையான சதை, மெல்லண்ணம் என்பார்கள். உள்நாக்கு தொங்குவது அதன் நுனியில். க, ச, ட, த, ப, ற என்ற வல்லின எழுத்துகளைச் சொல்லும்போது இந்தச் சதை மேலெழும்பி மூக்குக்குப் போகும் வழியை அடைத்துக்கொள்கிறது. காற்று வாய்க்குள் தேங்கி, அழுத்தம் கூடி, உதடோ நாக்கோ திறக்கும் கணத்தில் வெடித்து வெளிவருகிறது. ங, ஞ, ண, ந, ம, ன என்ற மெல்லின எழுத்துகளுக்கு அந்தச் சதை தொங்கியபடி இருந்தால் போதும். காற்று மூக்கு வழியே போய்விடும். ஆகவே அந்தச் சதையை உயர்த்தும் தசை பலவீனமாக இருந்தால், உதடும் நாக்கும் சரியான இடத்துக்குப் போனாலும் வல்லினம் எல்லாம் மெல்லினமாக மாறிவிடுகிறது. ‘பட்டம்’ என்று சொல்ல நினைக்கும் குழந்தை ‘மண்ணம்’ என்கிறது. ‘தட்டு’ ‘நண்ணு’ ஆகிறது. ‘அப்பா’ ‘அம்மா’வாகவே கேட்கிறது. அப்பா என்றே கூப்பிட மாட்டேன் என்கிறான் என்று ஒரு தகப்பனார் என்னிடம் வருத்தப்பட்டிருக்கிறார். பையன் தினமும் அவரைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

இதை நீங்களே வீட்டில் பார்க்கலாம். ஒரு எவர்சில்வர் கரண்டியைக் குளிர்ந்த நீரில் வைத்துத் துடைத்து (நம் ஊர் வெயிலில் சூடான கரண்டியில் ஆவி படியாது) அதன் அடிப்பக்கத்தைக் குழந்தையின் மூக்குத் துளைகளுக்குக் கீழே பிடித்துக்கொண்டு, ‘தாத்தா கடைக்குப் போ’, ‘பாட்டி தட்டு எடு’ என்று சொல்லச் சொல்லுங்கள். இந்த இரண்டு தொடரிலும் மெல்லின எழுத்தே இல்லை. எனவே சொல்லிக்கொண்டிருக்கும்போது கரண்டியில் ஆவி படியக்கூடாது. சொல்லி முடித்ததும் கரண்டியை எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் மூச்சுக்காற்றின் ஆவி படிந்து ஏமாற்றிவிடும். அடுத்து, அதே தொடரை மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒருமுறை, விட்டுவிட்டு ஒருமுறை சொல்லச் சொல்லிக் கேளுங்கள். மூக்கைப் பிடித்தபோது பேச்சு சட்டென்று தெளிந்தால், காற்று மூக்கு வழியே கசிகிறது என்று பொருள்.

இப்போது அந்த வரிக்கு வருகிறேன். தசைக்கு நரம்பிலிருந்து செய்தி போய்ச் சேரும் சந்திப்பில் கோளாறு இருக்கும் நோய்களில், தசை முதலில் நன்றாக இயங்கி, திரும்பத் திரும்ப இயக்க இயக்கச் சோர்ந்துபோகும். ஓய்வு கொடுத்தால் மீளும். மயஸ்தீனியா என்று இவற்றைச் சொல்வார்கள். இதில் உடலின் எதிர்ப்புச் சக்தியே அந்தச் சந்திப்பைத் தாக்குவதால் வருவது ஒரு வகை. மரபணுக் குறையால் பிறவியிலேயே வருவது இன்னொரு வகை. பிறவி வகையில் பெரும்பாலானவை, தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் குறையுள்ள மரபணு வந்து சேரும்போது உண்டாகின்றன. அதனால்தான் சொந்தத்தில் கல்யாணம் செய்திருப்பதாக நீங்கள் எழுதியதும் முக்கியமாகிறது. காலையில் ஓரளவு புரியும் பேச்சு சாயங்காலம் மூக்கோடு போவது, சாப்பிட ஆரம்பித்தபோது நன்றாக மென்றவன் பாதியில் தாடையைக் கையால் தாங்கிக்கொள்வது, இமை சரிந்துபோவது, இவையெல்லாம் அந்தத் திசையைக் காட்டும் அடையாளங்கள். இமை சரிவதை மட்டும் பார்த்துவிட்டுப் பல குடும்பங்கள் கண் மருத்துவமனைக்கே முதலில் போகின்றன.

உங்கள் மகனுக்கு இதுதான் என்று கடிதத்தைப் படித்துவிட்டு நான் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. எந்தக் குழந்தையும் சாயங்காலம் களைத்துத்தான் இருக்கும். ஆனால் இவற்றில் பல மருந்துக்குக் கட்டுப்படுபவை என்பதால், இந்தக் கேள்வியை நரம்பியல் மருத்துவரிடம் நேரடியாகக் கேட்காமல் விட்டுவிடக் கூடாது. பைரிடோஸ்டிக்மின் என்ற மாத்திரை பலருக்கு நன்றாகக் கேட்கும். அதே மாத்திரை சில மரபணு வகைகளில் நோயைக் கூட்டிவிடும், அவற்றில் சிலவற்றுக்கு ஆஸ்துமாவுக்குத் தரும் சால்பியூட்டமால்தான் பலன் தருகிறது. ஆகவே இது மருத்துவர் பார்த்து, முடிந்தால் மரபணுப் பரிசோதனையும் செய்து முடிவெடுக்க வேண்டிய விஷயம். கடையில் கேட்டு வாங்கும் விஷயம் அல்ல.

மருத்துவரிடம் போகும்போது வாயால் விவரிப்பதைவிட, போனில் இரண்டு வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். காலை எழுந்து கொஞ்ச நேரத்தில் ஒன்று, மாலை விளக்கு வைக்கும் நேரத்தில் ஒன்று. இரண்டிலும் இருபத்தொன்று முதல் நாற்பது வரை எண்ணச் சொல்லுங்கள். அவனுக்கு எண் தெரியாவிட்டால் நீங்கள் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொன்னால் போதும். ஏன் அந்த எண்கள் என்றால், ‘இருபத்து’, ‘முப்பத்து’ என்று ஒவ்வொன்றிலும் ப, த வந்துகொண்டே இருப்பதால் மெல்லண்ணம் திரும்பத் திரும்ப மேலெழும்ப வேண்டியிருக்கும். இருபத்திரண்டில் தெளிவாக இருந்த ‘பத்து’ முப்பத்தைந்தை எட்டும்போது ‘மந்நு’ ஆகிறதா, இரண்டு நிமிடம் பேசாமல் உட்கார்ந்தபின் மீண்டும் தெளிகிறதா என்பது, நீங்கள் அரைமணி நேரம் விளக்குவதைவிட அதிகமாகச் சொல்லிவிடும்.

எல்லாத் தசைநோயும் இப்படி இல்லை. டூஷென் வகைத் தசைச்சிதைவு பையன்களுக்கு வருவது. கெண்டைக்கால் பெருத்திருக்கும், தரையிலிருந்து எழும்போது தொடையில் கை ஊன்றி எழுவார்கள். சி.பி.கே. என்ற ரத்தப் பரிசோதனையில் 200-க்குள் இருக்க வேண்டிய அளவு பல ஆயிரங்களுக்குப் போயிருக்கும். மயஸ்தீனியாவில் இந்த அளவு பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும், ஆகவே உங்களிடம் உள்ள பழைய ரிப்போர்ட்டில் அந்த எண்ணைத் தேடிப் பாருங்கள். டூஷென் பையன்களில் பலர் தாமதமாகப் பேசத் தொடங்குகிறார்கள் என்பது உண்மை. ஆனால் அதற்கு வாய்த் தசை காரணம் இல்லை. அந்த நோயில் குறைந்துபோகும் டிஸ்ட்ரோஃபின் என்ற புரதத்துக்கு மூளையிலும் வேலை இருக்கிறது. அதனால் சொற்களை நினைவில் வைத்துக்கொள்வதும், நீண்ட வாக்கியத்தைக் கேட்டு முழுதாகத் திருப்பிச் சொல்வதும், பிற்பாடு எழுத்துக்கூட்டிப் படிப்பதும் அவர்களுக்குச் சிரமமாகின்றன. இது வருடா வருடம் மோசமாவதும் இல்லை. அந்தக் குழந்தைக்கு வேண்டியது கதை, சொல் விளையாட்டு, ஒரு சமயத்தில் ஒரே ஒரு கட்டளை என்ற வகையிலான மொழிப் பயிற்சி. நாக்கை நீட்டி மடக்கச் சொல்வதால் அவனுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நடையும் பேச்சும் இரண்டுமே தாமதமாக இருக்கும் பையனுக்கு சி.பி.கே. பார்க்காமல் ‘ஆம்பளப் பிள்ளை மெதுவாத்தான் பேசும்’ என்று விடுவதும், ரத்தத்தில் எஸ்.ஜி.பி.டி. என்ற நொதி கூடியிருப்பதைப் பார்த்து மஞ்சள் காமாலை என்று கீழாநெல்லி அரைத்துக் கொடுத்து மாதக்கணக்கில் காத்திருப்பதும் நம் பக்கம் இன்னும் நடக்கின்றன. எஸ்.ஜி.பி.டி. கல்லீரலிலிருந்து மட்டும் வருவதில்லை. சிதையும் தசையிலிருந்தும் வரும்.

முதுகுத் தண்டுவட நரம்பணுக்கள் அழியும் எஸ்.எம்.ஏ. நோயில் குழந்தை சூட்டிகையாக இருக்கும், சொன்னதெல்லாம் புரியும். மூச்சுத் தசைகள் மெலிந்திருப்பதால் குரல் மெலிந்து, இரண்டு மூன்று சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கிப் பேசும். பிறவியிலேயே வரும் மயோடோனிக் தசைச்சிதைவில் முகத் தசை பலவீனமாகி மேலுதடு கூடாரம்போல் தூக்கி நிற்கும். இரண்டு உதடும் சேராததால் ப, ம இரண்டுமே சிக்கல். இது பெரும்பாலும் தாயிடமிருந்து வருவது, அந்தத் தாய்க்கே தனக்கு நோய் இருப்பது தெரியாமல் இருக்கும். தேங்காய் துருவி முடித்த பிறகு மூடியைப் பிடித்த விரல்கள் உடனே விரியாமல் நிற்கின்றனவா என்று கேட்டால், ‘ஆமா, எனக்குச் சின்ன வயசிலிருந்தே அப்படித்தான்’ என்பார்கள். முகமும் தோளும் மெலியும் இன்னொரு வகை குழந்தைப் பருவத்திலேயே தொடங்கினால் காதுகேளாமையும் சேர்ந்து வரக்கூடும். மெல்லண்ணம் பலவீனமான குழந்தைகளுக்கு நடுக்காதில் நீர் கோர்ப்பதும் சாதாரணம். எந்த வகையானாலும் காது கேட்கும் திறனைச் சோதிக்காமல் பேச்சுப் பயிற்சி தொடங்குவது வீண்வேலை.

இனி நீங்கள் கேட்ட மூன்று விஷயங்கள். வசம்பை நாக்கில் தேய்ப்பதால் தசையிலோ நரம்பிலோ எந்த மாற்றமும் வராது. உள்ளுக்குப் போனால் வாந்தி எடுக்க வைக்கும். உங்கள் வீட்டில் கைக்குழந்தையும் இருந்தால் இதைக் கவனியுங்கள்: ஒரு வயதுக்குள் தேனில் குழைத்து எதையும் நாக்கில் தடவ வேண்டாம். தேனில் சில சமயம் இருக்கும் ஒரு கிருமியின் நச்சு, நான் மேலே சொன்ன அதே நரம்பு–தசைச் சந்திப்பை முடக்கி, அழும் சக்திகூட இல்லாமல் குழந்தையைத் துவளச் செய்துவிடும். மாமியாரோடு சண்டைபோட வேண்டியதில்லை. பெரியவர்கள் தேய்க்க நினைப்பது அன்பால்தான். வசம்பைக் கையில் வளையமாகக் கட்டிவிடச் சொல்லுங்கள், அதுவும் நம் வழக்கம்தானே. குழந்தை அதைக் கடிக்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

நாக்கின் அடியை வெட்டுவது இங்கே பயனற்றது மட்டுமல்ல, ஆபத்தும் உண்டு. காற்று மூக்கு வழியே கசிவதற்கும் நாக்கின் அடிச்சவ்வுக்கும் சம்பந்தமே இல்லை. அதைவிடப் பெரிய கவலை மயக்க மருந்து. சில தசைநோய்களில், குறிப்பாக டூஷென் வகையில், சக்சினைல்கோலின் என்ற ஊசியும் முகர வைத்துக் கொடுக்கும் மயக்க வாயுக்களும் தசையைச் சிதைத்து, ரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றி, இதயத்தையே நிறுத்திவிடக் கூடும். ஆகவே டான்சில், பல், எது என்றாலும், தசைநோய் இருப்பதை மயக்க மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மூக்கின் பின்னால் வளரும் அடினாய்டு சதையை எடுப்பதிலும் இருமுறை யோசியுங்கள்; பலவீனமான மெல்லண்ணத்துக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டிருப்பது சில சமயம் அந்தச் சதைதான், அதை எடுத்தபின் மூக்குப் பேச்சு கூடிப்போன பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். மயஸ்தீனியா என்ற சந்தேகம் இருக்கும்வரை, சளி காய்ச்சலுக்குப் போகும்போதும் அதைச் சொல்லுங்கள். அசித்ரோமைசின், சிப்ரோஃப்ளாக்சசின், ஜென்டாமைசின் போன்ற சில நுண்ணுயிர்க்கொல்லிகள் பலவீனத்தைத் திடீரென்று கூட்டிவிடலாம்.

பலூன் விஷயத்தில் என் கருத்து என் துறையினர் சிலருக்கே பிடிக்காது. ஊதுவதற்கும் பேசுவதற்கும் மெல்லண்ணம் ஒரே மாதிரி இயங்குவதில்லை. ஊதி ஊதிப் பழகிய குழந்தைக்கு நன்றாக ஊத வருமே தவிர ‘பட்டம்’ வராது. நல்ல தசையைப் பயிற்சியால் வலுவாக்கலாம். நோயுற்ற தசையை 100 தடவை வேலை வாங்கினால் களைப்புதான் மிச்சம், அதிலும் சோர்வதையே இயல்பாகக் கொண்ட நோயில் அது அன்றைய பேச்சையும் கெடுத்துவிடும். சங்கு ஊதுவது, ஸ்ட்ராவில் உறிஞ்சுவது, நாக்கால் கரண்டியைத் தள்ளுவது எல்லாவற்றுக்கும் இதுதான் பதில்.

அப்படியானால் பயிற்சி என்பது என்ன? தசையிடம் இல்லாத பலத்தைக் கேட்காமல், இருக்கும் பலத்தில் புரியும்படி பேசக் கற்றுக்கொடுப்பதுதான். நீண்ட வாக்கியத்தை மூச்சுக்கு இரண்டு மூன்று சொல்லாக உடைத்துச் சொல்வது, வேகத்தைக் குறைப்பது, வாயைக் கொஞ்சம் கூடுதலாகத் திறந்து பேசுவது (வாய் நன்றாகத் திறந்தால் மூக்கு வழியே போகும் பங்கு குறைகிறது), முதுகுக்கும் காலுக்கும் தாங்கல் கொடுத்து உட்கார்ந்து பேசுவது. காலையில், பத்து நிமிடம், களைப்பு தெரிந்ததும் நிறுத்தம். எந்தச் சொற்களைப் பழக்குவது என்பதை நோட்டுப் புத்தகத்திலிருந்து எடுக்காமல் அவன் நாளிலிருந்து எடுங்கள். டீச்சரிடம் ‘பாத்ரூம்’ என்று புரியும்படி சொல்ல வருவது ‘ழ’ வருவதைவிட ஆயிரம் மடங்கு அவசரம். சொல்லப்போனால் ‘ழ’வுக்காக அவனை வாட்ட வேண்டாம்; ‘வாளப்பளம்’ என்று சொல்லும் பெரியவர்கள் நிறைந்த ஊரில், வீட்டில் யாருக்கும் வராத எழுத்து அவனுக்கு வரவில்லை என்பது நோய் ஆகாது.

கசிவு அதிகமாக இருந்து, பற்கள் வலுவாக இருந்து, நோய் வேகமாக மாறாத வகை என்றால், மெல்லண்ணத்தைத் தூக்கிப் பிடிக்கும் பல்செட் போன்ற ஒரு கருவியைப் பல் மருத்துவரிடம் செய்துகொள்ளலாம். ஆறு வயதில் பால்பல் விழும் காலம் என்பதால் உங்கள் மகனுக்கு இது இப்போதைக்கு அல்ல. குரல் மட்டும் மெலிந்த குழந்தைகளுக்கு, ஆசிரியர்கள் இடுப்பில் கட்டிக்கொள்ளும் சிறிய மைக் நல்ல துணை; மூக்குப் பேச்சுக்கு அது உதவாது, மூக்கொலியையும் சேர்த்துத்தான் பெரிதாக்கும்.

பேச்சோடு சேர்த்து விழுங்குவதையும் கவனியுங்கள், ஏனென்றால் இரண்டுக்கும் ஒரே தசைகள்தான். தண்ணீரோ ரசமோ மூக்கில் ஏறுவது, குடிக்கும்போது இருமல், சாப்பிட்ட பின் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் கொளகொளப்பது, ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு அரைமணிக்கு மேல் ஆவது, அடிக்கடி நெஞ்சுச் சளி, காலையில் தலைவலியோடு எழுவது, இவற்றில் எது இருந்தாலும் அடுத்த அப்பாயின்ட்மெண்ட் வரை காத்திருக்க வேண்டாம். மூச்சு வாங்கி, எச்சில்கூட விழுங்க முடியாமல் போனால் அன்றைக்கே, அந்த நேரமே, அவசரப் பிரிவு.

எங்கே போவது என்றால், மதுரையில் பெரியாஸ்பத்திரி, அதாவது அரசு இராசாசி மருத்துவமனையில், குழந்தை மருத்துவமும் நரம்பியலும் காது–மூக்கு–தொண்டைப் பிரிவும் ஒரே நிர்வாகத்தின் கீழ் இருக்கின்றன. ஒரு பிரிவின் சீட்டை இன்னொரு பிரிவில் காட்டி அலைவது கொஞ்சம் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 பட்டியலிடும் 21 வகைகளில் தசைச்சிதைவு ஒன்று, பேச்சு–மொழிக் குறைபாடு இன்னொன்று. நோய் உறுதியானதும் அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். உதவித்தொகைக்கும், பிற்பாடு தேர்வில் கூடுதல் நேரத்துக்கும் அதுதான் ஆதாரம்.

டீச்சரிடம் இரண்டு வேண்டுகோள் வையுங்கள். வாய்ப்பாடு ஒப்பிப்பது, வாசிப்பது எல்லாவற்றையும் முதல் பீரியடில் வைத்துக்கொள்ளட்டும். பிற்பகலில் அவன் விரலால் காட்டிப் பதில் சொல்வதையும் பதிலாக ஏற்கட்டும். அதற்கு ஒரு அட்டை வேண்டும். தமிழில் 247 எழுத்தையும் ஒரே அட்டையில் எழுதினால் எந்தக் குழந்தையும் தேடிக் களைத்துவிடும். மெய்யெழுத்து 18-ஐ ஒரு பக்கமும் உயிர் 12-ஐ மறுபக்கமும் எழுதுங்கள். ‘க்’கைத் தொட்டு ‘ஆ’வைத் தொட்டால் ‘கா’. எழுத்துக்கூட்ட வரும்வரை படங்கள் போதும்: தண்ணீர், பாத்ரூம், வலிக்கிறது, வீட்டுக்கு, ‘நீங்க தப்பா புரிஞ்சுக்கிட்டீங்க’. கடைசிப் படத்தை மறந்துவிடாதீர்கள், குழந்தைகள் அதைத்தான் அதிகம் தொடுவார்கள். அட்டை வைத்தால் பேச்சே வராமல் போய்விடும் என்று பயப்பட வேண்டாம். புரியவைக்க வழி கிடைத்த குழந்தை பதற்றமில்லாமல் இன்னும் அதிகமாகவே பேச முயல்கிறது.

பேச்சு எப்போது தெளியும் என்ற கேள்விக்கு, நோயின் பெயர் தெரியாமல் காலக்கணக்குச் சொல்வது உங்களை ஏமாற்றுவதாகும். மருந்துக்குக் கேட்கும் மயஸ்தீனியா வகையாக இருந்தால் சில வாரங்களிலேயே வித்தியாசம் தெரியலாம். வேறு வகையாக இருந்தால் எழுத்துச் சுத்தம் முழுதாக வராமலே போகலாம், ஆனால் அவன் சொல்வது அடுத்தவருக்குப் புரியும்படி செய்ய முடியும். அதற்கு அவன் பக்கம் எவ்வளவு வேலையோ அவ்வளவு வேலை கேட்பவர் பக்கமும் உண்டு. புரியாதபோது புரிந்ததுபோல் தலையாட்டாதீர்கள், ‘திருப்பிச் சொல்லு’ என்று மொத்த வாக்கியத்தையும் மறுபடி வாங்காதீர்கள். புரிந்த பாதியை நீங்கள் சொல்லி, புரியாத பாதியை மட்டும் கேளுங்கள். ‘இங்கிட்டு’ என்பது கேட்டது, மற்றது கேட்கவில்லை என்றால், ‘இங்கிட்டு வந்தது யாரு?’ என்று கேளுங்கள். அவன் ஒரு சொல் சொன்னால் போதும்.